பூஜ்ய உயரத்திலிருந்து பதினேழு முறை

அசுன்சியோன் நகரத்தில், ஆற்றைப் பார்த்த நாலு மாடிக் கட்டடம் ஒன்றில் தேசிய அடையாள உருவப்பட இயக்ககம் இயங்கிவந்தது. ஒரு குடிமகன் தன்னைப்போலவே இருக்கிறான் என்று அத்தாட்சி வழங்குவது அதன் கடமை. அந்தக் கடமையை அது காலை ஏழு மணி முதல் பகல் ஒரு மணி வரை இடைவிடாமல் ஆற்றியது. நடுவில் தெரெரே என்ற குளிர்ந்த மூலிகைத் தேநீரை உறிஞ்சுகிற நேரத்தை இடைவெளி என்று எங்கள் ஊரில் யாரும் சொல்வதில்லை.

மேற்படி இயக்ககம் ஒரு நாள் முன்னேறிவிடுவது என்று முடிவு செய்தது. ஆகஸ்டு பதினைந்தாம் தேதி முதல், அடையாள அட்டைக்கு வேண்டிய புகைப்படத்தை மக்கள் வீட்டில் இருந்தபடியே கைபேசியில் அனுப்பலாம், யாரும் வரிசையில் நிற்க வேண்டாம் என்று அரசிதழில் போட்டார்கள். வருகிற படத்தைத் திறந்து, அளவு பார்த்து, அட்டையில் வரைந்து தருவது பனம்பி என்ற மென்பொருள் நூலகத்தின் பொறுப்பு. பனம்பி என்றால் குவாரனி மொழியில் வண்ணத்துப்பூச்சி. நூலகம் என்றதும் புத்தகத்தையும் தூசியையும் நினைக்க வேண்டாம். படம் சம்பந்தப்பட்ட வேலைகளுக்கான நிரல்களை எழுதி ஓரிடத்தில் அடுக்கி வைத்திருப்பார்கள், மற்ற நிரல்கள் வந்து வேண்டியதை இரவல் வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். இது விளங்காத பராமரிப்புப் பிரிவினர் அந்த அறை வாசலில் 'அமைதி காக்கவும்' என்று ஒரு பலகையை மாட்டிவிட்டுப் போனார்கள்.

அந்த அறைக்குள் எட்டு வருஷமாக அமைதி காத்தவள் சுனில்தா ரெக்கால்தே. ஒப்பந்த ஊழியர். எங்கள் நாட்டில் ஆண், பெண் என்பதெல்லாம் அப்புறம். முதலில் நிரந்தரமா, ஒப்பந்தமா என்றுதான் கேட்பார்கள். ஒப்பந்தக்காரிக்கு விடுமுறை கிடையாது, காய்ச்சல் கிடையாது. டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி அவள் பெயர் பதிவேட்டில் செத்துப்போகும். பிப்ரவரி வாக்கில் யாராவது பெரிய மனசு பண்ணினால் உயிர் பிழைக்கும். சுனில்தா உட்கார்ந்திருந்த நாற்காலிகூட மீன்வளத் துறையிலிருந்து தற்காலிகமாக வந்ததுதான். நிரந்தரமாகிவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு உலகத்தில் வேறு ஆசை இல்லை. இதை அவள் யாரிடமும் மறைக்கவும் இல்லை.

இயக்குநர் டாக்டர் எவரிஸ்தோ வில்யாசந்தி. ஊசி போடுகிற டாக்டர் இல்லை, சட்டம் படித்த டாக்டர். அந்த வருஷம் மே மாதம் சாவோ பாவ்லோவில் நடந்த ஒரு மாநாட்டுக்குப் போய், கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு மூன்று நாள் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, ஒரு புதிய நாகரிகத்தோடு திரும்பி வந்தார். அதன் பெயர் குப்பைச் சோதனை.

சோதனை என்னவோ நல்ல சோதனைதான். நல்ல படத்தைக் கொடுத்தால் எந்த நிரலும் சமர்த்தாக இருக்கும். அதன் சுயரூபம் தெரிய வேண்டுமென்றால் குப்பையைக் கொட்டிப் பார்க்க வேண்டும். ஒழுங்கான ஒரு படக் கோப்பை எடுத்து, இங்கே ஓர் எண்ணைப் பிடுங்கி, அங்கே இரண்டைத் திணித்து, தலையை வெட்டிக் காலில் ஒட்டி, இப்படிக் கோடிக்கணக்கில் கண்டபடி கலைத்து, ஒவ்வொன்றாக இயந்திரமே ஊட்டும். எதைத் தின்றதும் நிரல் விழுகிறதோ, அங்கே ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். சுனில்தா இதை மூன்று வருஷமாகச் செய்யச் சொல்லி மனுப் போட்டுக்கொண்டிருந்தாள். மாநாட்டில் வேறு யாரோ சொன்னதால் இப்போது அது புதுக் கண்டுபிடிப்பாகிவிட்டது.

உத்தரவு வந்தது. 'மேற்படி நூலகத்தின் மீது கண்டபடியான சோதனை முறைப்படி நடத்தப்பட வேண்டும். முடிவு திருப்திகரமாக அமையும் பட்சத்தில், சோதனை நடத்தியவரின் பணி நிரந்தரம் கனிவுடன் பரிசீலிக்கப்படும்.' சுனில்தா அந்தக் கடைசி வரியை ஏழெட்டுத் தடவை படித்தாள். சந்தோஷத்தில் அன்று சாயங்காலம் பேருந்தில் யாரோ ஒரு கிழவருக்குச் சும்மாவே சிப்பா ரொட்டி வாங்கிக் கொடுத்தாள்.

மூன்று நாளில் இயந்திரம் நாலு கோடிக் குப்பையை ஊட்டி முடித்தது. பனம்பி பதினேழு தடவை விழுந்தது. பதினேழுக்கும் காரணம் ஒன்றுதான். ஒரு படம் தன் அகலம் நானூறு என்றும் உயரம் பூஜ்யம் என்றும் சொல்லிக்கொண்டு வந்தால், பனம்பி அதை அப்படியே நம்பி, அகலத்தை உயரத்தால் வகுக்கப் போகும். பூஜ்யத்தால் வகுத்தால் என்ன ஆகும் என்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும், பனம்பிக்குத் தெரியவில்லை. அது விழுந்தால் தனியாகவும் விழாது. அட்டை அச்சிடுகிற இயந்திரங்கள் அத்தனையும் கூடவே நின்றுவிடும். வைத்தியமும் சுலபம்தான். 'உயரம் பூஜ்யமானால் படத்தைத் திருப்பி அனுப்பு' என்று ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டும். பத்து நிமிஷ வேலை, அதிலும் ஐந்து நிமிஷம் தெரெரே.

ஆனால் அந்த இயக்ககத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டுமென்றால் ஒரு கோப்பு பிறக்க வேண்டும். கோப்பு பிறக்கிற இடம் வரவுப் பிரிவு. அங்கே தோன்யா நின்ஃபா, அதாவது நின்ஃபா அம்மாள், இருந்தாள். இருபத்தாறு வருஷமாக அவள் முத்திரை படாமல் அந்தக் கட்டடத்துக்குள் ஈ கூட நுழைந்ததில்லை. எல்லோரையும் 'என் ராணி', 'என் ராஜா' என்றுதான் கூப்பிடுவாள். வேலையை மட்டும் முடித்துக் கொடுக்கமாட்டாள்.

நாலு கோடிப் படமும் வெளியிலிருந்து வந்ததா என்று கேட்டாள். இல்லை, இயந்திரம் உண்டாக்கியது என்றாள் சுனில்தா. அப்படியானால் ஒவ்வொன்றும் தாளில் அச்சாகி, வரவு எண் போட்டு, முத்திரை பெற்று, அதன்பிறகுதான் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்றாள் நின்ஃபா. நாலு கோடிக்கும் முத்திரை குத்த ஆரம்பித்தால் இருநூறு வருஷம் ஆகும் என்று சுனில்தா கணக்குப் போட்டுக் காட்டினாள். நின்ஃபா அதற்கு அசரவில்லை, மைதான் போதாது என்று கவலைப்பட்டாள். ஒரு மணிநேரப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு, விழவைத்த பதினேழை மட்டும் பதிவு செய்வது என்று இருதரப்பும் இறங்கிவந்தன.

பதினேழு தாள் அச்சாகி வந்தது. உயரம் பூஜ்யமான படம் தாளில் எப்படி இருக்கும்? தாள் வெறுமையாகத்தான் இருந்தது. நின்ஃபா கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"என் ராணி, இதுல ஒண்ணுமே இல்லையே."

"அதான் பிரச்சினை, தோன்யா."

"ஒண்ணும் இல்லாததுதான் பிரச்சினையா? அப்ப பிரச்சினை ஒண்ணும் இல்லைன்னு எழுதிக்கட்டுமா?"

எழுதிவிடாமல் தடுப்பதற்குள் சுனில்தாவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. கடைசியில் 'விஷயம்' என்ற கட்டத்தில் அவளே தன் கையால் 'பனம்பி பதினேழு முறை விழுந்தது' என்று எழுதிக் கொடுத்தாள். அவள் செய்த தப்பு அதுதான். நின்ஃபா பதினேழு வெள்ளைத் தாளுக்கும் பதினேழு முத்திரை குத்தி, 'விழுந்தது' என்ற சொல்லைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு, விதிப்படி கோப்பைப் பணியிட விபத்துப் பாதுகாப்புப் பிரிவுக்கு அனுப்பிவைத்தாள்.

பாதுகாப்புப் பிரிவின் தலைவர் தோன் செலெஸ்தீனோ. அந்தப் பிரிவில் அவரைத் தவிர வேறு ஆள் இல்லை. பத்து வருஷத்தில் அந்தக் கட்டடத்தில் விழுந்தவர் ஒரே ஒருவர், அதுவும் தேர்தலில். ஆகவே பதினேழு விபத்து என்றதும் மனிதர் பூரித்துப்போனார். அளவு நாடாவையும் முதலுதவிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். வாசலில் பலகையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"விழுந்தது யாரு, இன்ஜினியரம்மா?"

"பனம்பி. நூலகம்."

"பதினேழு தடவையும் அதே ஆளா? குடிப்பழக்கம் உண்டா?"

அது ஆள் இல்லை, நிரல் என்று சுனில்தா பொறுமையாக விளக்கினாள். அவர் தலையாட்டியபடியே 'ஆண்/பெண்' என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டார். சாட்சி யார் என்று கேட்டார், இயந்திரம் என்றாள். காயம் உண்டா என்று கேட்டார், உள்காயம் என்றாள். அடுத்த கட்டத்துக்கு வந்தார்.

"உயரம்?"

படத்தின் உயரத்தைக் கேட்கிறார், கடைசியில் ஒரு மனிதர் விஷயத்துக்கு வந்துவிட்டார் என்று சுனில்தாவுக்கு மனசு குளிர்ந்தது.

"பூஜ்யம். பதினேழுலயும் பூஜ்யம்தான். அதனாலதான் விழுது."

செலெஸ்தீனோ பேனாவை மூடினார். நாடாவைச் சுருட்டினார். ஏமாற்றம் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

"தரையிலேர்ந்து தரைக்கு எப்படிம்மா விழ முடியும்? விதி முப்பத்தொண்ணு தெளிவா சொல்லுது. உயரம் இருந்தாத்தான் விழுகை. உயரம் இல்லைன்னா அதுக்குப் பேரு படுக்கை."

சுனில்தா அரைமணி நேரம் வாதாடினாள். அவர் நல்ல மனிதர், முழுவதும் கேட்டார். போகும்போது கோப்பில் இப்படி எழுதி வைத்துவிட்டுப் போனார்: 'நேரில் விசாரித்ததில், மேற்படி பனம்பி எந்த இடத்திலிருந்தும் விழவில்லை. பணிப்பளுவினால் பதினேழு முறை படுத்திருக்கிறது. விழுகை: இல்லை. படுக்கை: பதினேழு. மேல் நடவடிக்கை தேவையில்லை.'

இந்தக் குறிப்பு மேலே போனதும் டாக்டர் எவரிஸ்தோ நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். நாலு கோடிக் குப்பையைத் தின்றும் ஒரு தடவைகூட விழாத நூலகம் கண்டத்திலேயே வேறு எங்கும் இல்லை என்று மறுநாள் வானொலியில் பேசினார். அதற்குப் பிறகு குப்பைக்கு வந்த மவுசைச் சொல்லி மாளாது. ஒரு அமைச்சகம் 'தங்களிடம் உபரியாக உள்ள குப்பையில் நல்ல தரமானதாக இரண்டு கோடி அனுப்பி உதவவும்' என்று கடிதம் எழுதிற்று. இன்னொன்று, குப்பை உள்நாட்டுக் குப்பையா, இறக்குமதியா என்று விளக்கம் கேட்டது. தேசத்தின் பெயருக்குக் களங்கம் வராத குப்பையைத் தேர்ந்தெடுக்க ஐவர் குழு ஒன்று அமைந்தது. ஞாயிற்றுக்கிழமை இறைச்சி சுடுகிற இடத்தில்கூட அதே பேச்சுதான். கரியைக் கிளறிக்கொண்டே ஒருத்தர், "என் மாப்பிள்ளை இப்ப குப்பையிலதான் இருக்கான்" என்று பெருமையடித்தார். நாங்களும் அடடே என்றோம்.

சுனில்தா மட்டும் தூக்கம் கெட்டுத் திரிந்தாள். ஊர் முழுக்கப் படம் அனுப்பப் போகிறது. லட்சம் பேரில் ஒருத்தர் கைதவறிப் பூஜ்ய உயரத்தில் ஒரு படம் அனுப்பினால் போதும், நாடே நிற்கும். எழுதுவதற்கு ஒரு வரிதான் பாக்கி, அதற்கு அனுமதிதான் இல்லை.

ஆகஸ்டு பன்னிரண்டாம் தேதி டாக்டர் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். மேசைமேல் இரண்டு தாள் இருந்தது. ஒன்று, 'சோதனையில் பனம்பி ஒரு முறையும் விழவில்லை' என்ற சான்றிதழ், சுனில்தா கையெழுத்துப் போட வேண்டியது. மற்றது அவளுடைய நியமன உத்தரவு, டாக்டர் கையெழுத்துப் போட வேண்டியது. இரண்டையும் அவர் ஒரே பேனாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

"டாக்டர், ஒரே ஒரு வரி சேர்க்க விடுங்க. அப்புறம் கண்ணை மூடிக்கிட்டு கையெழுத்துப் போடுறேன்."

"விழாத ஒண்ணுக்கு எதுக்கு சுனில்தா வைத்தியம்? வரி சேர்த்தா ஓட்டை இருந்ததுன்னு ஆகும். ஓட்டை இருந்ததுன்னா சோதனை திருப்திகரமா இல்லைன்னு ஆகும். அப்ப அந்தத் தாள் என்ன ஆகும்னு நீயே சொல்லு."

அந்தத் தாள் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். எட்டு டிசம்பர் அவள் கண் முன்னால் வந்து போயிற்று. காய்ச்சலோடு வந்து உட்கார்ந்த நாட்கள், மீன்வளத் துறை நாற்காலியின் ஆடுகிற கால், எல்லாம் வந்தது. 'படுத்தது' என்று எழுதியவர் பாதுகாப்பு அதிகாரி, நான் இல்லையே என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். வெட்கமாக இருந்தது, கையெழுத்துப் போட்டாள். டாக்டரும் போட்டார். வெளியே வந்ததும் சந்தோஷமாகவும் இருந்தது. அதை நினைத்து மறுபடி வெட்கமாக இருந்தது.

பதினைந்தாம் தேதி, வெள்ளிக்கிழமை, நகரம் பிறந்த நாள். ஊர்வலம் முடிந்து, விழா மேடையில் திரை கட்டி, முதல் படத்தை அனுப்ப மாண்புமிகு அமைச்சர் வந்தார். நாங்களெல்லாம் கீழே நின்றோம். அமைச்சர் தன்னைத்தானே படமெடுத்தார். பிறகு படத்தின் ஓரங்களை விரலால் நகர்த்தி வேண்டாததை வெட்டச் சொன்னது கைபேசி. அமைச்சருக்குக் கட்டைவிரல் கொஞ்சம் தடிமன், கண்ணாடி போட்டுக்கொள்வதோ கௌரவக் குறைச்சல். மேல் ஓரத்தைக் கீழே இழுத்தார், கீழ் ஓரத்தை மேலே தள்ளினார், இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. மாண்புமிகு அமைச்சர் ஒரு கோடானார். 'அனுப்பு' என்பதை அழுத்தினார்.

பனம்பி படுத்துவிட்டது. திரை கறுத்தது. பக்கத்துக் கூடாரத்தில் அச்சிடுகிற இயந்திரங்கள் ஒவ்வொன்றாக மூச்சை நிறுத்துகிற சத்தம் கேட்டது. என்கார்னசியோனிலும் கொன்செப்சியோனிலும் அதே கதை என்று தொலைபேசி வந்தது. டாக்டர் எவரிஸ்தோ ஒலிபெருக்கியை வாங்கினார். முகத்தில் ஒரு சலனம் இல்லை.

"அன்பார்ந்த குடிமக்களே, பனம்பி விழவில்லை. சான்றிதழ் இருக்கிறது. இன்று தேசிய விடுமுறை. நம் நாட்டுத் தொழிலாளர் சட்டத்தை மதித்து நடக்கும் உலகின் முதல் மென்பொருளை நீங்கள் இப்போது கண்ணாரக் கண்டீர்கள்."

கைதட்டல் அடங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. நானும் தட்டினேன், பொய் சொல்வானேன். இயந்திரமும் நம்மைப்போலத்தானே என்று எல்லோருக்கும் ஒரு பாசம் வந்துவிட்டது. டாக்டர் ஒலிபெருக்கியைக் கொடுத்துவிட்டு நேராக முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சுனில்தாவிடம் வந்து காதோடு பேசினார்.

"அந்த ஒரு வரி... எவ்வளவு நேரம் ஆகும்?"

"பத்து நிமிஷம், டாக்டர்."

"போ, போய் எழுது. நான் ஒண்ணும் பார்க்கல."

சுனில்தா எழுந்துதான் விட்டாள். எட்டு வருஷப் பழக்கத்தில் கால் தானாக நகர்ந்தது. அப்புறம் கைப்பையில் இருந்த நியமன உத்தரவு ஞாபகம் வந்தது. மெதுவாக மறுபடி உட்கார்ந்தாள்.

"டாக்டர், நான் நிரந்தரம். இன்னைக்கு விடுமுறை."

அதில் குத்தல் கொஞ்சம் இருந்தது, உண்மையும் நிறைய இருந்தது. பக்கத்தில் நின்ற தோன் செலெஸ்தீனோ விதி அப்படித்தான் என்று தலையாட்டினார். டாக்டருக்குக் கோபம் வரவில்லை. இனி நீயும் எங்களில் ஒருத்தி என்கிற மாதிரி அவள் தோளில் தட்டிக்கொடுத்தார். அன்று அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக விடுமுறை கொண்டாடினாள். எம்பனாதா தின்றாள், ஆற்றைப் பார்த்தாள். இரண்டு நாள் கழித்து மனசு உறுத்த ஆரம்பித்தது. திங்கட்கிழமை விடிந்ததும் முதல் வேலையாக அந்த வரியை எழுதிவிடுவது, யார் அனுமதியும் கேட்பதில்லை என்று முடிவு செய்து, ஆறே முக்காலுக்கே இயக்கக வாசலுக்கு வந்தாள்.

வாசலில் தோன்யா நின்ஃபா இருந்தாள். வாயெல்லாம் பல்லாகக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து வாழ்த்துச் சொன்னாள். பிறகு உத்தரவை வாங்கி, கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு படித்தாள்.

"எல்லாம் சரியா இருக்கு என் ராணி. உன் ஒப்பந்தம் வியாழக்கிழமையோட ரத்து. இன்னைக்கு நீ பொறுப்பு எடுத்தாத்தான் நிரந்தரம். பொறுப்பு எடுக்க அடையாள அட்டை வேணும்."

சுனில்தா அட்டையை நீட்டினாள்.

"இது பழசு. பதினைஞ்சாம் தேதியிலேர்ந்து அரசாங்க வேலைக்குப் புது அட்டைதான் செல்லும். அரசிதழ்ல போட்டாச்சே."

புது அட்டையைப் பனம்பிதான் வரைய வேண்டும், பனம்பி படுத்திருக்கிறது, அதை எழுப்புவதற்குத்தான் நான் வந்திருக்கிறேன் என்று சுனில்தா தொண்டை கிழியச் சொன்னாள். நின்ஃபா அனுதாபத்தோடு கேட்டுக்கொண்டாள். ஒப்பந்தக்காரியும் இல்லாமல் நிரந்தரமும் இல்லாமல் ஒருத்தி உள்ளே போனால் அது அத்துமீறல், இதில் தன் கையில் ஒன்றும் இல்லை என்றாள். அந்த ஒரு வரியை எழுதத் தெரிந்தவர்கள் வேறு யாராவது உள்ளே இருக்கிறார்களா என்று கேட்டதற்கு, டாக்டர் இருக்கிறார், ஆனால் அவர் சட்டம்தான் படித்திருக்கிறார் என்றாள். பொதுமக்கள் வரிசை அந்தப் பக்கம் என்று கையைக் காட்டினாள். அவசரமானவர்களுக்கு வாரத்துக்கு ஐந்து அட்டை கையாலேயே எழுதிக் கொடுக்கிறார்களாம்.

வரிசையில் அவள் நானூற்றுப் பன்னிரண்டாவது ஆள். நான் நானூற்றுப் பதின்மூன்று. நடந்ததையெல்லாம் அவள்தான் எனக்குச் சொன்னாள், நேரம்தான் நிறைய இருந்ததே. பத்து நிமிஷ வேலைதான் என்று அடிக்கடி சொன்னாள். நான் நம்பினேன். பத்து மணி வாக்கில் தெரெரே குடித்துவிட்டு வருகிறேன், இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவள் நகர்ந்தபோது, பின்னால் நின்ற முந்நூறு பேரும் சேர்ந்து, ஒருத்தருக்காக இன்னொருத்தர் இடம் பிடித்து வைப்பது விதிக்கு விரோதம் என்று எங்கள் இரண்டு பேரையும் வரிசையின் கடைசிக்கு அனுப்பிவைத்தார்கள்.